ஜெசிந்தா கூப்பிட்ட கடல்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹெல்ம்சீ என்ற சின்ன ஊரைவிட்டுக் கடல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். தினமும் போவதுபோலத்தான் போனது. வற்றத்தில் பின்வாங்கும், ஏற்றத்தில் திரும்பி வரும் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய சனம், அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டது. சாயங்காலம் கடல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்து ஊர்களிலெல்லாம் அது வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருக்க, ஹெல்ம்சீக்கு முன்னால் மட்டும், ரொட்டியில் யாரோ ஒரு வாய் கடித்துவிட்ட மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் முதலில் ஈரமண்ணாகவும் பிறகு காய்ந்த மண்ணாகவும் பிறகு புல்லாகவும் கிடந்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், கருவிகளோடு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் யாரும் வரவில்லை. ஊர் தன் பாட்டைப் பார்க்கத் தொடங்கியது. சாய்வு நாற்காலி வாடகைக்கு விடும் டோரீன், கடல் இருந்தபோது போட்டமாதிரியே கிழக்கே பார்த்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள், வயசான தம்பதிகள் வந்து உட்கார்ந்து, போர்வையை முழங்காலில் போர்த்திக்கொண்டு, இன்றைக்கு அமைதியாக இருக்கிறது இல்லையா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கடற்காகங்கள் பறப்பதைக் குறைத்துக்கொண்டு நடக்கக் கற்றன. உயிர்காப்புப் படகுக்காரர்கள் ஞாயிறுதோறும் படகைக் கழுவித் துடைத்து, டிராக்டரில் கட்டி மண்ணில் கொஞ்சதூரம் இழுத்துப்போய், அதில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி இழுத்துவந்து கொட்டகையில் விட்டார்கள். மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடைக்கு மீன் லாரியில் வந்தது. பாதிரியார், கடலில் இருப்பவர்களுக்காகச் செபித்த அந்த இடத்தில், கடலுக்காகவே செபித்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் யாரோ கடல் கிடந்த இடத்தில் கிரிக்கெட் ஆடிப் பார்த்தார்கள், தரை நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் அங்கே ஒரு மைதானமே வந்துவிட்டது. அதற்கும் அப்பால், முன்பு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆல்ஃபி என்ற மனிதர், உப்பு மண்ணைக் கொத்திப் பண்படுத்தி, ஆஸ்பராகஸ் என்று வெள்ளைக்காரர்கள் ஆசையாகத் தின்கிற பச்சைத் தண்டை ஏக்கர் கணக்கில் வளர்த்தார். பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த ஊருக்குத்தான் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை ரயிலில், லண்டனிலிருந்து இரண்டு தமிழ்ப் பெண்கள் கிளம்பி வந்தார்கள்.

ஒருத்தி ஜெசிந்தா. கிழக்கு லண்டனில் சிவப்பு மாடிபஸ் ஓட்டுகிறவள். அகன்ற தோள்களும், மேல்மாடிக் கடைசி இருக்கையில் தூங்குகிறவனை ஒலிபெருக்கி இல்லாமலே எழுப்பிவிடுகிற குரலும் அவளுக்கு. இலங்கையின் வடகரையில் சங்குமுனை என்ற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவள். அவளுக்கு இருபத்துநாலு வயதாக இருந்தபோது, விடிவதற்குள் எல்லோரும் கரையைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் போயிற்று. ஊர் இருந்த இடத்தில் ராணுவத்தின் முள்ளுக்கம்பி வந்தது. அதற்குப் பிறகு, நாலாபக்கமும் கடல் சூழ்ந்த இங்கிலாந்தில் இத்தனை காலம் இருந்தும், அவள் ஒருதடவைகூடக் கடலைப் பார்க்கப் போனதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "மற்றவையின்ர கடலை நான் ஏன் போய்ப் பாக்கோணும்?" என்பாள்.

மற்றவள் மரகதம். தாராபுரத்துக்காரி. ஜெசிந்தாவின் பஸ் போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். பனி உறைந்த ஒரு காலையில் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்தவளை, பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிவந்து தூக்கிவிட்ட ஜெசிந்தா, "எலும்பு ஒண்டும் முறியேல்லைத்தானே?" என்று தமிழில் கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம், பதினைந்து வருஷமாக ஒருநாள் விட்டு ஒருநாள் பேசாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது என்கிற அளவுக்கு வந்திருந்தது.

மரகதம் அவளுடைய ஐம்பத்தைந்து வயசில் கடலில் கால் வைத்ததில்லை. கல்லூரியில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனபோது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போகக் கிளம்பிய அன்று மாமனார் தவறிவிட்டார். லண்டனுக்கு வந்த விமானம் கடலுக்கு மேல் பறந்த நேரமெல்லாம் தூங்கிவிட்டாள். கடலுக்கும் தனக்கும் ராசியில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவள்தான். ஆனால் அந்த ஜூன் மாதம், இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர்கள் நாள் குறித்த பிறகு, ஒரு சாயங்காலம், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப்போன பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏனுங்க்கா, அடுத்த வாரம் ஆபரேசன். நல்லபடியா முடியும்னுதான் சொல்றாங்க. நானும் மருந்துக்கடைக்காரி, எத்தன பேருக்கு நல்லபடியா முடியும்னு எனக்கும் தெரியுமுங்க. அதுக்கு முன்னால ஒருக்கா கடல்ல நின்னு பாத்துப்போடோணும். தனியாப் போறதுக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க வருவீங்களா?"

ஜெசிந்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சனிக்கிழமை எனக்கு லீவுதான்," என்றாள்.

மலிவாகக் கிடைத்தது என்று ஹெல்ம்சீக்கு டிக்கெட் எடுத்தாள். ஏன் மலிவு என்று இருவருமே யோசிக்கவில்லை. ரயிலில் மரகதம் புளிச்சோற்றையும் எள்ளுருண்டையையும் பிரித்தாள், ஜெசிந்தா மீன் அடைத்த பணிஸ் ரொட்டியையும் பால் விடாத பிளேன்டீ பிளாஸ்கையும் எடுத்தாள். லண்டன் பின்னால் போய், கோதுமை வயல்கள் வந்து, வயல்கள் தட்டையாகி, வானம் பெரிதாகிக்கொண்டே போனது. ஜெசிந்தா வரவரப் பேச்சைக் குறைத்தாள்.

"என்னுங்க்கா, ஒரு மாதிரி இருக்கறீங்க?"

"ஒண்டுமில்லை. உப்புக் காத்து மணக்குதோ எண்டு பாக்கிறன். இன்னும் மணக்கேல்லை."

மணக்கவே இல்லை. ஹெல்ம்சீ நிலையத்தில் இறங்கி, ஐஸ்கிரீம் கடைகளையும் பொம்மைவாளிக் கடைகளையும் தாண்டி, கடற்கரை நடைபாதையின் கம்பிவேலிக்கு வந்து சேர்ந்த இருவரும் கிழக்கே பார்த்தார்கள். மண் இருந்தது. வெள்ளை உடுப்பில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். அதற்கப்பால் பச்சையாக ஏதோ வரிவரியாக இருந்தது.

"ஏனுங்க்கா," என்றாள் மரகதம் மெதுவாக, "கடலெங்கீங்க?"

பக்கத்தில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்த டோரீன் அந்தக் கேள்வியின் பாஷை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்து, நிமிர்ந்து, "போயிடுச்சும்மா, பன்னிரண்டு வருஷம் ஆச்சு," என்றாள். "உங்களுக்குத் தெரியாதா? லண்டன்காரங்களுக்கு எதுவும் தெரியறதில்ல. நாற்காலி வேணுமா? வெயில் நல்லா இருக்கு."

மரகதம் சிரிக்கத்தான் பார்த்தாள். "பாத்தீங்களாக்கா? நான் வர்றேன்னு தெரிஞ்சு அதுவே ஓடிப்போயிருச்சு." சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையில் கைக்குட்டையைத் தேடுகிற மாதிரித் தேடினாள்.

டோரீனுக்குப் பாவமாக இருந்தது. ஜெசிந்தாவின் கையைத் தட்டி, "மனசை விடாதீங்க. முதல்ல எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பழகிப்போயிடும். மனுஷங்களுக்கு எல்லாம் பழகிப்போயிடும்," என்று ஆறுதல் சொன்னாள்.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதே சொல்லை அவள் அகதி முகாமில் கேட்டிருந்தாள், கொழும்பு லாட்ஜில் கேட்டிருந்தாள், லண்டனில் முதல் பனிக்காலத்தில் வீட்டுக்காரியிடம் கேட்டிருந்தாள்.

"பழகிப்போறதோ?" என்றாள் தமிழில், கம்பிவேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "அங்கை கடல் கிடக்குது, பாக்கச் சனமில்லை. இங்கை சனம் கதிரை போட்டுக் குந்திக்கொண்டிருக்குது, கடலில்லை. இது என்ன நியாயம்? நீ வா மரகதம்."

"எங்கீங்க்கா?"

"கடலிட்டை."

கல்படிகளில் இறங்கி, ஜெசிந்தா முன்னாலும் மரகதம் பின்னாலுமாக, கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தால், பந்து வீசப்போனவன் கையை நிறுத்திவிட்டுப் பார்க்க, ஆஸ்பராகஸ் வரப்புகளின் நடுவால், மண்வெட்டியோடு குனிந்திருந்த ஆல்ஃபி தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்ல, பயிர் முடிந்து வெறும் சேறு தொடங்குகிற இடம்வரைக்கும் நடந்தார்கள். மரகதத்துக்கு மூச்சு வாங்கியது. ஜெசிந்தா அவளுக்காக நின்று நின்று போனாள். அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஜெசிந்தா வாயைக் கைகளால் குவித்தாள்.

சங்குமுனையில் பெண்கள் கடலுக்குப் போன மீன்பிடி வள்ளங்களைக் கரைக்குக் கூப்பிடுகிற ஒரு கூவல் உண்டு. வள்ளங்களுக்கெல்லாம் பொம்பிளைப் பெயர்தான், ஆகையால் வெளியே போன மகளைத் தாய் வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரியே, பாதி கோபமும் பாதி கொஞ்சலுமாக அது இருக்கும். ஊரைவிட்டு வந்த பிறகு ஜெசிந்தா அதை வாய்திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. இப்போது, பஸ்ஸின் இரைச்சலுக்குமேல் பழகிய அந்தக் குரலில், அடிவயிற்றிலிருந்து எடுத்து, கூப்பிட்டாள்.

"ஏ... வாவன்டி! பொழுதுபட முந்தி வாவன்டி! கரை பாத்துக்கொண்டு நிக்குது, வாவன்டி!"

முதலில் வந்தது மணம். பிறகு காற்று. பிறகு வானமும் மண்ணும் சேருகிற இடத்தில் ஒரு வெள்ளிக்கம்பி மாதிரி ஒன்று தெரிந்து, அது தடித்து, நாடாவாகி, அகலமாகி, அவசரப்படாமலும் தயங்காமலும், கூப்பிட்டது கேட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறவளைப்போல, கடல் வந்தது.

மரகதம் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கடற்கரை நடைபாதையில் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், "கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது," என்றார். உயிர்காப்புப் படகுக்காரர்கள் பன்னிரண்டு வருஷமாகத் துடைத்துவைத்த மணியை அடித்துக்கொண்டே கொட்டகையைத் திறந்தார்கள். கிரிக்கெட் ஆடியவர்கள் மட்டும், ஓவர் முடியட்டும் என்று நாலு பந்து ஆடினார்கள், அப்புறம் அவர்களும் ஓடினார்கள்.

அப்போதுதான் ஆல்ஃபி வரப்பைத் தாண்டி வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், முழங்கால் வரைக்கும் மண். கத்தவில்லை. மண்வெட்டி இன்னும் கையிலேயே இருந்தது.

"அம்மா," என்றார். "நானும் மீன் பிடிச்சவன்தான். கடல் போனதும் படகை வித்துட்டு மண்வெட்டி எடுத்தேன். இந்த உப்பு மண்ணு என் கைக்குப் பழக அஞ்சு வருஷம் ஆச்சு. போகும்போதும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. வரும்போதும் கேக்காதா?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பச்சைத் தண்டுகளைப் பார்த்தாள். பிறகு கடலின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, பஸ்ஸில் சில்லறைச் சண்டை போடுகிறவர்களை அடக்குகிற குரலில், "நில்!" என்றாள்.

கடல் நின்றது. அலை உடையாமல், முழங்கால் உயரத்துக்கு எழுந்த தண்ணீர், பயிரின் கடைசி வரப்புக்கு ஒரு முழம் முன்னாலேயே அப்படியே நின்று, மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"இவரைக் கேக்காமல் நான் கடலை உள்ளுக்கு விடமாட்டன்," என்று ஜெசிந்தா ஓடிவந்த கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கடை ஊரிலை எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. இங்கை அப்பிடி நடக்கக்கூடாது. நீங்கள் கதைச்சு ஒரு முடிவு சொல்லுங்கோ. அது நிக்கும்."

ஹெல்ம்சீக்காரர்கள் இங்கிலாந்துக்காரர்கள் என்பதால் முதலில் வரிசையில் நின்றார்கள். பாதிரியார் கவிழ்த்த ஒரு வாளிமேல் ஏறி நின்று ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார், கடல் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கிரிக்கெட் அணித்தலைவன் இந்தப் பருவம் முடிகிறவரைக்கும் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டான். ஓட்டல்காரர் தன் ஓட்டலின் பெயர்ப்பலகையில் கடல்காட்சி என்று இன்னும் இருப்பதாகவும், வருகிறவர்களுக்கு அதை விளக்கி விளக்கித் தான் கிழவனாகிவிட்டதாகவும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பதிகளில் ஒரு கிழவி, எங்களுக்கு எதுவானாலும் சரி, ஆனால் ஒருவரை அரைநாள் வாசலில் நிற்கவைப்பது மரியாதை இல்லை என்றாள். எல்லோரும் பேசி முடித்து ஆல்ஃபியைப் பார்த்தார்கள்.

ஆல்ஃபி தண்ணீரின் ஓரத்துக்குப் போய்க் குந்தினார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். வெகுநேரம் முகத்தைத் துடைக்காமலே இருந்தார்.

"கிழங்கோட தோண்டினா வேற இடத்துல நட்டுடலாம்," என்றார் கடைசியில். "பிழைச்சுக்கும். ஆனா ஒத்தை ஆளா எப்படி..."

முடிக்கவில்லை. டோரீன் ஏற்கனவே சட்டைக்கையை மடித்துக்கொண்டு மண்வெட்டி எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடியவர்கள், அவர்களுக்குப் பின்னால் பொரித்த மீன் கடைக்காரர், ஓட்டல்காரர், சுற்றுலா வந்தவர்கள், எல்லோரும். தேவாலயத்துப் புல்தரை முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாதிரியார் தானே முதல் குழியைத் தோண்டினார். கடல் கிடந்த இடத்திலிருந்து தேவாலயம்வரை ஆட்கள் வரிசையாக நின்று, கிழங்குகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். மண்ணைக் கொத்த வேண்டாம் என்று ஜெசிந்தா அதட்டி உட்காரவைத்த மரகதம், டோரீனின் நாற்காலி ஒன்றில் இருந்தபடி, ஒவ்வொரு கிழங்கையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஜெசிந்தா நடுவில் நின்று, "முன்னுக்குப் போங்கோ, வழியிலை நிக்காதேங்கோ, அடுத்த ஆள்!" என்று ஓட்டினாள். அவள் என்ன மொழியில் சொல்கிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை, சொன்னபடி செய்தார்கள். மைதானத்துத் தரையைச் சமன்படுத்தும் இரும்பு உருளையை டிராக்டர் இழுத்துக்கொண்டு மேலே ஏறியபோது, நாலு மணி வெயில் சாய்ந்திருந்தது. கடைசிக் கிழங்கை ஆல்ஃபி தானே கையில் எடுத்துக்கொண்டார். ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"சரி," என்றாள் ஜெசிந்தா கடலிடம். "இனி வா. பாத்து வா."

கடல் வரப்புகளின்மேல் ஏறி, மைதானத்தின்மேல் பரந்து, படித்துறைக் கற்களைத் தொட்டு, பழைய வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்க்கிறவளைப்போல ஊரின் ஓரம் முழுவதையும் தடவிப் பார்த்தது. நடந்து பழகிவிட்ட கடற்காகங்கள் கால் நனைந்ததும் திடுக்கிட்டுப் பறந்தன. உயிர்காப்புப் படகு தண்ணீரில் இறங்கி மிதந்தபோது, அதிலிருந்த தடித்தடியான ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

மரகதம் படிகளுக்குக் கீழே மணலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவளுடைய விரல்களுக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. அலை திரும்பிப் போகும்போது அவள் கத்தினாள்.

"அக்கா! காலுக்கடியில மண்ணு ஓடுதுங்க்கா! இழுக்குதுங்க!"

"அது அப்பிடித்தான் செய்யும். உன்னைக் கூட்டிக்கொண்டு போகப் பாக்கும். நான் பிடிச்சிருக்கிறன், நீ நில்லு."

"உட்டுறாதீங்க."

"விடமாட்டன்."

அடுத்த அலை இடுப்புவரை அடித்தது. மரகதம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வாய்க்குள் தண்ணீர் போய், துப்பி, "உப்புங்க்கா, நெசமாவே உப்பு!" என்று ஐம்பத்தைந்து வயசில் கண்டுபிடித்துச் சொன்னாள். ஜெசிந்தா புறங்கையால் தன் உதட்டைத் துடைத்து நக்கிப் பார்த்தாள். தண்ணீர் சங்குமுனையைவிடக் குளிராக இருந்தது, நிறம் வேறாக இருந்தது. உப்பு அதே உப்பாக இருந்தது. அவள் அழவில்லை. தோள்களைப் பின்னால் இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, தகப்பனின் வள்ளத்து முன்முனையில், அணியத்தில், நிற்கிறவளைப்போல, மரகதத்தின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஈரச்சேலையோடு இருவரும் பொரித்த மீன் வாங்கப் போனபோது, கடலும் கரையோரமாக அவர்கள் கூடவே நகர்ந்து, கடை வாசலுக்கு நேராக வந்து படுத்துக்கொண்டது. அவர்கள் நாற்காலிக்குத் திரும்பினால் அதுவும் திரும்பியது. டோரீன்தான் முதலில் கவனித்தாள்.

"நீ ரயிலேறினா இது என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

 ஓட்டல்காரர் கடல் பார்த்த அறையை ஆயுளுக்கும் தருவதாகச் சொன்னார். பாதிரியார் தன் வீட்டில் பாதியைத் தருவதாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். தன்னைப் போகச் சொன்ன இடங்களைத்தான் ஜெசிந்தா வாழ்க்கையில் அதிகம் பார்த்திருந்தாள். இரு என்று ஓர் ஊரே கேட்டு நிற்பது அவளுக்கு இதுதான் முதல்தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உங்கடை அன்புக்கு நன்றி. ஆனால் நாளைக்குக் காலமை எனக்குப் பஸ் இருக்கு. சனம் நிறுத்தத்திலை பாத்துக்கொண்டு நிக்கும். அதோடை வாற வாரம் இவவோடை ஆஸ்பத்திரியிலை நான் நிக்கோணும்." பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதைக் கூப்பிட உங்களைப் பழக்கிவிட்டுப் போறன்."

அப்படித்தான் ஹெல்ம்சீ ஊரே படித்துறையில் அடுக்கடுக்காக நின்று சங்குமுனையின் கூவலைப் பாடம் படித்தது. பாதிரியார் 'வேவண்டி' என்றார். ஓட்டல்காரர் 'வாண்டி' என்றார்.

"சுருக்கக்கூடாது!" என்று ஜெசிந்தா கையைத் தட்டினாள். "அரைகுறையாக் கூப்பிட்டால் எந்தப் பொம்பிளை வருவாள்? வா... வன்... டி. முழுசாச் சொல்லுங்கோ. கோபமாச் சொல்லுங்கோ, ஆனால் வந்தால் சாப்பாடு வச்சிருக்கிறன் எண்டமாதிரிச் சொல்லுங்கோ."

அந்தக் குறிப்புதான் அவர்களுக்குப் பிடிபட்டது. ஆல்ஃபி வாயைக் குவித்து ஒருதடவை கூப்பிட்டார், கடல் தலையைத் திருப்புகிறமாதிரி அவர் பக்கம் கொஞ்சம் சரிந்தது. டோரீன் கூப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் சரிந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

ஆனாலும் ரயில் கிளம்பும்வரை நிச்சயமில்லை. இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ரயில் வளைவில் திரும்பியபோது கடற்கரை முழுவதும் தெரிந்தது. கடல் கரையைவிட்டுக் கிளம்பி, தண்டவாளத்தின் பக்கமாக, அவர்களைப் பார்த்து நகரத் தொடங்கியிருந்தது.

"அக்கா, வருதுங்க்கா!"

ஜெசிந்தா ஜன்னலில் கையை வைத்தாள். கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்போது ரயிலின் சத்தத்துக்கு மேலாக, பெட்டியிலிருந்த எல்லோரும் கேட்கும்படி, நூறு இருநூறு தொண்டைகளிலிருந்து, ஆங்கில நாக்குகளில் கொஞ்சம் புரண்டு, ஆனால் ஓர் எழுத்தும் குறையாமல் அந்தக் கூவல் எழுந்தது. கடல் நின்றது. யோசித்தது. பிறகு திரும்பி, படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

மரகதம் சத்தமாக மூச்சுவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த, நாய்க்குட்டி வைத்திருந்த வெள்ளைக்காரரிடம், கேட்காமலே, ஆங்கிலத்தில், "கடலைக் கூப்பிட்டது இவங்கதான். என்னோட சிநேகிதி," என்றாள். அவர் ஜெசிந்தாவைப் பார்த்து, எழுந்து நின்று, கைகொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த மாதம் முழுக்க ஜெசிந்தா வேலை முடிந்ததும் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியைக் கொடுத்து, மரகதத்தை அதட்டி நடக்கவைத்தாள்.

ஹெல்ம்சீயில் அந்தக் கூவல் ஊர்வழக்கமாகிப்போனது. தினமும் ஏற்றம் தொடங்குகிற நேரத்துக்கு, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களும், கையில் ஐஸ்கிரீமோடு வருகிறவர்களுமாக, படித்துறையில் கூடி நின்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இது என்ன பாஷை என்று கேட்டால், ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டு, எங்கள் ஊர்ப் பேச்சு என்றார்கள்.

அடுத்த வருஷக் கோடையில் இருவரும் மறுபடி ரயிலேறிப் போனார்கள். ஆல்ஃபி தேவாலயத்துப் புல்தரையிலிருந்து ஒரு கட்டு ஆஸ்பராகஸ் வெட்டிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். ஏற்றம் தொடங்குகிற நேரமாயிற்று. ஊர் கூடியது. இந்தத் தடவை நான்தான் முதலில் கூப்பிடுவேன் என்று மரகதம் அடம்பிடித்தாள். புது வால்வு வைத்த நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தாராபுரத்துப் பேச்சில், "வா அம்மணி! வா கண்ணு! சீக்கிரமா வா!" என்று கூவினாள்.

கடல் அசையவில்லை. பக்கத்தில் நின்ற டோரீன் அவளுடைய முழங்கையை அன்பாகத் தொட்டாள்.

"அப்படி இல்லம்மா," என்றாள். "நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல 'வாவன்டி'ன்னுதான் சொல்லுவோம். நாக்கை மடிச்சுச் சொல்லுங்க. வா... வன்... டி."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா இடுப்பில் கைவைத்து, ஆஸ்பராகஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, படித்துறையின் கடைசிக் கல்லில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. முகவாய் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

"அவ சொல்லுறது சரி," என்றாள். "திருத்திச் சொல்லு."

மரகதம் திருத்திச் சொன்னாள், ஊரும் சேர்ந்து சொன்னது. கடல் வந்தது. வந்து, முதலில் ஜெசிந்தாவின் காலை நனைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களிடம் போனது.